வைரம் முதிர்வதில்லை

ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் 1891-ல் அலெக்சாண்டர் ஜேக்கப் என்ற நகை வியாபாரியிடம் ஒரு வைரம் வாங்கப் போய், விவகாரம் கல்கத்தா நீதிமன்றம் வரை இழுத்தது. அதன்பின் அந்தக் கல் அவருக்கு வேண்டாததாகிவிட்டது. அவர் மகன் உஸ்மான் அலி கான் அதைத் தந்தையின் பழைய காலணி ஒன்றின் நுனியிலிருந்து கண்டெடுத்து, மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார் என்பது ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டுநர்கூடச் சொல்லும் கதை. 184.75 கேரட். 1995-ல் நிஜாமின் 173 நகைகளை இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது இதுவும் சேர்ந்து வந்தது. இன்று ரிசர்வ் வங்கியின் பெட்டகத்தில் கிடக்கிறது. காலணிக்குள் எப்படிக் கிடந்ததோ அப்படியே.

சேர்த்துவைப்பவர்களின் ஊர் இது. மூசி ஆற்றின் தென்கரையில் மூன்றாம் சாலார் ஜங், கல்யாணமே செய்துகொள்ளாமல், கடிகாரமும் தந்தச் சிற்பமும் ஓவியமும் கத்தியுமாக வாங்கிக் குவித்தார். 1949-ல் அவர் போனார். 1951 டிசம்பரில் குவியல் அருங்காட்சியகமாயிற்று. இன்றைக்கும் மணியடிக்கும் நேரத்தில் அங்கிருக்கும் இசைக்கடிகாரத்தின் முன்னால் ஒரு கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எதைச் சேர்ப்பவராக இருந்தாலும் அவருக்குள் இருக்கும் ஆசை ஒன்றுதான்: இது இப்படியே இருக்கவேண்டும், தூசி படியக்கூடாது, பூச்சி அரிக்கக்கூடாது, நிறம் மங்கக்கூடாது. ஒயின் சேர்ப்பவர்தான் விதிவிலக்கு. அவர் காலத்தைச் சம்பளமில்லாத வேலைக்காரனாக வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார். நிறம் மங்கவேண்டும் என்று காத்திருக்கிறார். கடைசியில் சேர்த்ததை அழித்தால்தான் சேர்த்ததற்குப் பொருளே உண்டு.

செகந்திராபாத்தில் அப்படியொருவரை எனக்குத் தெரியும். மாரேட்பல்லியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நிமித்தம் ஐரோப்பா போய்வந்த காலத்தில், சுங்கத்தில் அனுமதிக்கும் இரண்டு லிட்டர் கணக்கை ஒருபோதும் வீணாக்கியதில்லை. மற்றவர்கள் விஸ்கி கொண்டுவந்தார்கள். இவர் பெயர் தெரியாத சிவப்பு ஒயின்களைச் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலம் 150 விழுக்காடு சுங்க வரி இருந்த நாட்டில் நடுத்தர வர்க்கத்து மனிதருக்கு வேறு வழியும் இல்லை. அவரை நான் அண்ணா என்பேன். அவர் மனைவியை அக்கா என்பேன். அந்தப் பாட்டில்களுக்கென்றே வாங்கிய குளிர்பெட்டியைப் பற்றி அக்காவுக்குத் தெளிவான கருத்து உண்டு: "நான் தயிர் வைக்கிற ஃபிரிட்ஜ் ரிப்பேர் ஆனா ஒரு வாரம் ஆகும். இவர் பாட்டில் வைக்கிற ஃபிரிட்ஜ் நின்னா ராத்திரியே ஆள் வந்துடும்."

அது நின்றால் என்ன ஆகும் என்பதை அண்ணா தன் தொழிலைக்கொண்டு விளக்கினார். புதிய மாத்திரை எத்தனை ஆண்டு கெடாமலிருக்கும் என்று கண்டுபிடிக்க அத்தனை ஆண்டும் காத்திருக்க முடியாது. அதனால் 40 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட பெட்டிக்குள் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் வருடக்கணக்கான கேடு வெளியே வந்துவிடும். "நம்ம ஊர் ஏப்ரல், மே அந்த ஸ்டெபிலிட்டி சேம்பர்தான் தம்பி. என்ன, ஈரம்தான் கம்மி. அதுவும் கெடுதல், கார்க் காஞ்சுபோயிடும்." பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பள்ளி வேதியியலின் தோராய விதி. ஒயின் நிதானமாக முதிர 12, 13 டிகிரி வேண்டும் என்பார்கள். செகந்திராபாத் மே மாதத்து மாடியறையில் அதே ஒயின் ஆறு மடங்கு வேகத்தில் ஓடும். வேகமாக ஓடினால் சீக்கிரம் ஊர் போய்ச் சேரலாமே என்றால், அதுதான் இல்லை. வேறு ஊருக்குப் போய்விடும். வெப்பத்தில் முதலில் நடப்பது வேறு வினைகள்: பழமணம் வெந்த ஜாம் மணமாகிறது, உள்ளே விரியும் திரவம் தக்கையை மேலே தள்ளுகிறது, அந்த இடுக்கில் காற்று புகுகிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் மட்டும் இந்தத் தக்காணப் பீடபூமி தானாகவே ஒயினுக்கேற்ற குளிருக்கு இறங்கும். மற்றப் பத்து மாதமும் மின்சாரத்தின் தயவு.

பாட்டிலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகின்றன. இளம் ஒயினில் துவர்ப்பு மூலக்கூறுகள் வாயிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். கொட்டைப்பாக்கைக் கடித்தாற்போல் நாக்கு இழுக்கும். வருடங்கள் போகப் போக அவையும் நிறப்பொருள்களும் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிதாகி, பாரம் தாங்காமல் அடியில் மண்டியாகப் படிகின்றன. மேலே நிற்கும் திரவம் வெளுக்கிறது, மெலிகிறது. ஊதா செங்கல்லாகிறது, செங்கல் பழுப்பாகிறது. வெள்ளை ஒயின் நேர்மாறு. அது வயதாக ஆகக் கறுக்கும். இதிலெல்லாம் ஆக்சிஜனுக்கு என்ன பங்கு என்று லூயி பாஸ்டர் 1860-களிலேயே குடைந்து பார்த்திருக்கிறார். மிகக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். கொஞ்சம் கூடினாலும் காடிதான்.

விற்கப்படும் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பயணத்துக்கு லாயக்கற்றவை. வாங்கிய ஓரிரு வருடத்தில் குடித்துத் தீர்க்கவே செய்யப்பட்டவை. வைத்திருந்தால் மேம்படும் என்பது விஸ்கிக்கும் பொய். அது பீப்பாயில் முதிரும், பாட்டிலில் அடைத்த அன்றே நின்றுவிடும். பாட்டிலுக்குள்ளும் உயிரோடு நகர்ந்துகொண்டிருப்பது ஒயினில் ஒரு சிறுபான்மை மட்டுமே. துவர்ப்பும் புளிப்பும் நிறைய இருந்து, இளமையில் குடிக்கச் சகிக்காத சிறுபான்மை.

ஒரு டிசம்பர் இரவு அண்ணா சிலவற்றைத் திறந்தார். முதலாவது 1994-ஆம் ஆண்டு அறுவடையில் விளைந்த ஸ்பெயின் ரியோகா. அங்கே 'கிரான் ரெசர்வா' என்று சீட்டு ஒட்டவேண்டுமானால் விற்பனைக்கு வருமுன்னரே குறைந்தது ஐந்து ஆண்டுகள் தயாரிப்பாளரின் நிலவறையில் கிடந்திருக்கவேண்டும். அதில் இரண்டு ஆண்டு ஓக் பீப்பாயில். மிச்சக் காலம் முழுக்க மாரேட்பல்லிக் குளிர்பெட்டியில். முந்தைய நாளே பாட்டிலை எழுப்பி நிறுத்தியிருந்தார், மண்டி அடியில் இறங்குவதற்கு. சுருள் ஆணி போட்டுத் திருகினால் பழைய தக்கை உள்ளேயே பொடிந்துவிடும் என்பதால், இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறக்கி, ஆட்டி ஆட்டி எடுத்தார். அக்கா கைபேசி விளக்கைப் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள, ஒரே சீராக ஜாடிக்குள் சாய்த்தார். கறுப்பு நூல்போல மண்டி கழுத்தை எட்டியதும் நிறுத்தினார். இதில் சடங்கு எதுவும் இல்லை. கசடு நாக்கில் பட்டால் கசக்கும், அவ்வளவுதான்.

முகர்ந்தேன். முதலில் ஒன்றுமே வரவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டின் வாசம் மட்டும். சும்மா இருங்கள் என்று சைகை காட்டினார். கொஞ்ச நேரத்தில் உலர்ந்த ஆரஞ்சுத் தோல் வந்தது, பதப்படுத்திய தோல் வந்தது, புகையிலை வந்தது, மரத்தடியில் நனைந்து காய்ந்த சருகு வந்தது. பழம் எங்கேயும் இல்லை. பழத்தின் இடத்தில் அது இருந்ததற்கான தடயங்கள். வாயில் வைத்தால் துவர்ப்பு இருந்த இடம் தெரிகிறது, துவர்ப்பு இல்லை. புளிப்பு மட்டும் முதுகெலும்பாக நிமிர்ந்து நின்றது. விழுங்கிய பிறகுதான் அது பேசவே தொடங்கியது. தொண்டையில் இறங்கி வெகுநேரம் கழித்தும் மூக்கின் உட்புறம் எதையோ நினைவுபடுத்திக்கொண்டிருந்தது.

நேர்மையாகச் சொன்னால், பலருக்கு இது பிடிக்காது. இனிப்பையும் கிக்கையும் எதிர்பார்த்து வருபவர், இவ்வளவு காலம் காத்திருந்தது இதற்குத்தானா என்று கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. முதிர்ந்த ஒயின் இளம் ஒயினைவிடச் சுவை கூடியது என்று சொல்வதற்கில்லை, சத்தம் குறைந்தது. கவனிக்கும் வேலையில் பாதியை அது நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறது.

அடுத்தது கர்நாடகத்துச் சிவப்பு, ஏறத்தாழப் பதினைந்து வயது. அண்ணாவே பெரிதாக எதிர்பார்க்கவில்லை. நிறம் காப்பிக் கஷாயத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் அது சாகவில்லை. வேகவைத்த கத்தரிக்காயும் மிளகும் போல ஏதோ ஒரு முரட்டு வாசம். பத்து நிமிடம் நின்றது, பிறகு கண்ணெதிரே சரிந்தது. மூன்றாவது பாட்டில் திறந்ததும் ஈரச் சாக்கு நாற்றம். தக்கையில் வரும் ஒரு பூஞ்சையின் விளைபொருள் அது. ட்ரைகுளோரோஅனிசோல் என்ற அந்தச் சேர்மத்தை 1981-ல் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் டானர் குழுவினர்தான் குற்றவாளி என்று அடையாளம் காட்டினார்கள். கோடியில் ஒரு பங்கினும் மிகமிகக் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அந்தப் பாட்டிலை அண்ணா எந்த வருத்தமும் இல்லாமல் தொட்டியில் கவிழ்த்தார். பல வருடங்கள் மின்கட்டணம் கட்டிக் காப்பாற்றியது, வாங்கிய அன்றே கெட்டிருந்தது. சேர்த்துவைப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று எனக்குப் பட்டது. சாலார் ஜங்கின் கடிகாரம் பழுதானால் பார்த்தால் தெரியும். இது திறந்தால்தான் தெரியும். திறந்தால் தீர்ந்தது.

இந்த மண்ணுக்கு ஒயின் புதிதல்ல. 1591-ல் இந்த நகரத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா தக்கினி உருதுவில் காதலியையும் மதுவையும் பாடியவர். பாரசீகத்து ஷிராஸிலிருந்து தக்காணத்துக்கு ஒயின் வந்த காலம் அது. 1666-67-ல் இங்கே வந்த பிரெஞ்சுப் பயணி தெவனோ, கோல்கொண்டாவில் திராட்சைக்கொடிகள் ஏராளம் என்றும் ஜனவரியிலேயே பழுக்கின்றன என்றும் அதில் வெள்ளை ஒயின் செய்கிறார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ஊர் குடித்தது கள். வைரம் வாங்க வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே அதைத்தான் கவனித்தார்: தோல் பைகளில் கள் ஏற்றிய ஐந்நூறு அறுநூறு குதிரைகள் தினமும் நகருக்குள் வருகின்றன, அதுவும் நடையாக அல்ல, விரைந்த ஓட்டமாக. ஏன் ஓட்டம் என்று கள் இறக்கும் ஊர்க்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். அந்தக் கள்ளின் மீதான வரி சுல்தானுக்குப் பெருவருமானம். இன்றும் தெலங்கானாவின் குடி அதுதான். மாநிலம் பிறந்த 2014-லேயே ஹைதராபாத் நகருக்குள் மூடிக்கிடந்த கள்ளுக்கடைகளைத் திரும்பத் திறந்தார்கள். அன்றைக்கு இறக்கி அன்றைக்கே தீர்க்கும் குடிமரபின் நடுவே உட்கார்ந்து, வருடக்கணக்கில் காத்திருக்கும் குடியைப் பேசுவது கொஞ்சம் அபத்தம்தான்.

அன்றிரவு கடைசியாக வந்தது மதெய்ரா. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். காரணம் அதன் சுவை பாதி, அதன் கதை பாதி. அட்லாண்டிக்கில் மொராக்கோவுக்கு மேற்கே இருக்கும் ஒரு போர்ச்சுகீசியத் தீவு மதெய்ரா. கிழக்கே போகும் கப்பல்கள் அங்கே நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். இந்தியாவுக்கு வந்து சேர்வதற்குள் கப்பலின் அடித்தளச் சூட்டில் பீப்பாய்கள் மாதக்கணக்கில் வெந்து குலுங்கின. விற்காமல் திரும்பிப்போன பீப்பாய்களைத் தீவில் திறந்து பார்த்தவர்களுக்கு வியப்பு: கெட்டுப்போகவில்லை, முன்னைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே இந்தியாவுக்குச் சுற்றுலா அனுப்பினார்கள். போய்வந்த ஒயின் என்று சொல்லித் தனி விலை வைத்தார்கள். சென்னைக் கோட்டையிலும் கல்கத்தாவிலும் கம்பெனி வெள்ளைக்காரர்கள் மொடாமொடாவாகக் குடித்தது இதைத்தான். சாதாரண ஒயின் நம்முடைய வெயிலில் உயிரோடு இருக்காது. கப்பல் பயணம் கட்டுப்படியாகாதபோது தீவிலேயே ஒயினைச் சுடவைக்கத் தொடங்கினார்கள். இன்றும் சாதாரண வகையை 45, 50 டிகிரியில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த வகை பீப்பாயோடு வெதுவெதுப்பான பரணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. வெயில் செய்யக்கூடிய கேட்டையெல்லாம் முன்கூட்டியே செய்துமுடித்துவிட்ட ஒயின். அதற்குமேல் ஹைதராபாத்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அண்ணா அந்த ஒரு பாட்டிலை மட்டும் குளிர்பெட்டிக்கு வெளியே, புத்தக அலமாரியில் நிற்கவைத்திருந்தார். அதில் கருகிய வெல்லம், வாதுமை, எலுமிச்சைத் தோல். புளிப்பு அப்படியொரு கூர்மை.

வைரம்போல ஒயினைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1985-ன் லண்டன் ஏலம் உதாரணம். 1787-ஆம் ஆண்டு லஃபீத் ஒயின் என்று சொல்லப்பட்ட ஒரு பாட்டில், அதில் செதுக்கியிருந்த எழுத்துகளால் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுடையது என்று நம்பப்பட்டு, கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. வாங்கியது ஃபோர்ப்ஸ் குடும்பம். நியூயார்க்கில் அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்து விளக்குப் போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். விளக்கின் சூட்டில் தக்கை காய்ந்து சுருங்கி, ஒருநாள் உள்ளே விழுந்துவிட்டது. அந்தப் பாட்டிலை வெளியே கொண்டுவந்த ஹார்டி ரோடன்ஸ்டாக்கின் சரக்கின்மேல் பிற்பாடு போலி என்ற வழக்கும் வந்தது. இன்னொருபுறம் ரூடி குர்னியவான் என்ற இளைஞர் லாஸ் ஏஞ்சலஸ் புறநகர் வீட்டில் மலிவான ஒயின்களைக் கலந்து, பழைய சீட்டு அச்சடித்து ஒட்டி, கோடீஸ்வரர்களுக்கு விற்றார். 2013 டிசம்பரில் குற்றம் உறுதியாகி, மறு ஆண்டு பத்து வருடச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் பிழைப்பு அத்தனை காலம் நடந்ததற்கு ஒரு காரணம், வாங்கியவர்களில் பலர் திறக்கவே இல்லை என்பது. திறந்தவர்களுக்கும் அந்த வயதுடைய ஒயின் எப்படி இருக்கும் என்று தெரியாது. குடிக்காத பாட்டிலுக்குள் எதை ஊற்றினால் என்ன?

ரசனையாளர்களின் மூக்கையும் ஒரேயடியாக நம்பவேண்டியதில்லை. 2001-ல் வெளியான போர்தோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே வெள்ளையில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயமிட்டதை முகர்ந்து, சிவப்பு ஒயினுக்குரிய பழங்களின் பெயராகவே எழுதினார்கள். இதைக் காட்டி ஒயின் ரசனையே பித்தலாட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கண் சொல்வதை மூக்கு நம்பிவிடுகிறது என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது. இருட்டில் சாப்பிட்டால் நம் வீட்டுக் குழம்பை அடையாளம் காணவே தடுமாறுவோம். ஆனால் இதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. அன்றிரவு ரியோகாவில் நான் முகர்ந்த சருகில் 1994 என்ற எண்ணுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ருசிக்க எந்த மனிதராலும் முடியாது. தேவையும் இல்லை.

ஹைதராபாத்துக்கென்றே ஒரு திராட்சை இருக்கிறது. 1890 வாக்கில் அப்துல் பாகர் கான் என்பவரால் இங்கே பரவிய அனாப்-ஏ-ஷாஹி. வெளிர் அம்பர் நிறத்தில், விதையோடு, நீண்டு பருத்த பழம். ஒருகாலத்தில் நகரைச் சுற்றிய தோட்டங்களில் உலகமே வியக்கும் விளைச்சல் தந்தது. ஆனால் சர்க்கரை 14 முதல் 16 விழுக்காடுதான், பறித்தால் நெடுநாள் தாங்காது, அடிச்சாம்பல் நோய்க்கு முதல் இரை. விதையில்லாத தாம்சன் திராட்சை வந்ததும் சந்தையை விட்டு நகர்ந்தது. ஏறத்தாழ நம் கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையின் குணம். 1832-ல் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த அந்தப் பழம் இன்று புவிசார் குறியீடு பெற்று, வருடம் முழுக்க விளைகிறது. குளிர்காலத் தூக்கமே இல்லாத கொடி. வாசம் உண்டு, முதிர்ச்சிக்கு வேண்டிய துவர்ப்பும் புளிப்பும் இல்லை. இரண்டும் இன்றைக்கே தின்னவேண்டிய பழங்கள்.

முதிரும் ஒயினை இங்கிருந்தே செய்யமுடியும் என்று பிடிவாதம் பிடித்தவர்களும் ஹைதராபாத்வாசிகள்தான் என்பது எனக்கு மகிழ்ச்சி. கிரானியூல்ஸ் இந்தியா மருந்து நிறுவனத்தின் கிருஷ்ண பிரசாத் சிகுருபாடி, உமா சிகுருபாடி தம்பதியர் முதலில் வீட்டில் ஒயின் செய்து பார்த்தார்கள். பிறகு 2008 வாக்கில் கர்நாடகத்தில் ஹம்பி மலைப்பகுதியில் தோட்டம் போட்டு, கபர்னே சாவினியோன், சாஞ்சோவேசே திராட்சைகளை நட்டு, கரிஸ்மா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இருவரும் ஏழு கண்டங்களிலும் மாரத்தான் ஓடியவர்கள். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்குத்தான் இந்த வேலை ஒத்துவரும் போலிருக்கிறது. அந்த ஒயின்கள் முப்பது வயதில் எப்படி இருக்கும் என்பதை இனிமேல்தான் யாராவது திறந்து பார்க்கவேண்டும்.

முதிர வைப்பதில் நம் முன்னோர்களுக்கு ஒரு முறை இருந்தது. மூங்கில் குழாயில் அடைத்து முதிர்த்த தேறல் மலைபடுகடாத்தில் வருகிறது. பாரியின் நாட்டில் மண்ணுக்குள் புதைத்துப் பழுக்கவைத்த கள்ளைக் கபிலர் புறநானூற்றில் பேசுகிறார். யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் பாண்டியனுக்குச் சொல்கிறார். அந்த மது வந்த மத்தியதரைக்கடல் ஜாடிகளின் ஓடுகளை 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தார். மண்ணில் புதைத்தால் வெயில் படாது, ஆடாது. ஐரோப்பியர் நிலவறை கட்டிச் செய்தது அதைத்தான். ஆனால் நான் அறிந்தவரை சங்கக் கவிஞர்கள் கள்ளைச் சேர்த்துவைத்தவனைப் புகழவில்லை. அதியமான் இறந்தபின் ஔவையார் அழும்போது அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது, கள் கொஞ்சமாக இருந்தால் அவன் அதை முழுக்கத் தமக்கே கொடுத்துவிடுவான் என்பதுதான். அவன் ஜாடியில் எத்தனை வருடம் கிடந்தது என்று அவர் கணக்குச் சொல்லவில்லை.

அண்ணாவின் பாட்டில் ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு உண்டு. வாங்கிய ஊர், வாங்கிய தேதி, அதற்குக் கீழே ஒரு பெயர். யாருடன் திறக்கவேண்டும் என்று வாங்கும்போதே எழுதிவிடுவாராம். சில பெயர்களை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதியிருக்கிறார். சண்டை போட்டதால் அடித்தவை சில, ஆள் போய்விட்டதால் அடித்தவை சில. "அவருக்குன்னு வெச்சது. இருபத்தஞ்சு வருஷம் ஆகட்டும்னு நினைச்சேன், ஒயினுக்கு. ஒயின் இருக்கு," என்றார் ஒரு சீட்டைக் காட்டி. குளிர்பெட்டியில் இடம் காலியாகக் காலியாக அவர் இப்போது புதிதாக நிரப்புவதில்லை. வாரம் ஒன்று திறக்கிறார். யார் வந்தாலும் திறக்கிறார். ஒயின் என்றாலே முகம் சுளிக்கும் என் மைத்துனருக்குக்கூட ஒரு 1996 போர்தோவைத் திறந்து ஊற்றினார். அவர் அதில் சோடா கலக்கலாமா என்று கேட்டார். அண்ணா சிரித்துக்கொண்டே சோடாவை எடுத்துக் கொடுத்தார். என்னைக் கேட்டால், ஹைதராபாத்தில் நான் பார்த்த எல்லாச் சேகரிப்புகளிலும் பெரியது அந்தக் குறைந்துகொண்டே வரும் குளிர்பெட்டிதான்.

இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டில் ஒயின் சேகரிப்பு இருக்காது. ஆனால் அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ மகனோ மருமகளோ கொண்டுவந்த ஒரே ஒரு சிவப்பு ஒயின், நல்ல நாள் வரட்டும் என்று சமையலறைப் பரணில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் நிற்கிறதென்றால், அது முதிர்ந்துகொண்டிருக்கவில்லை, வெந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் வருவதற்குள் இறக்குங்கள். ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, வீட்டுக்கு வந்தவரோடு திறந்துவிடுங்கள்.